பத்து அகப்பை

வினோதனுக்கு அமெரிக்கக் கூடைப்பந்தைப் பற்றி ஏகப்பட்ட கருத்துகள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அவன் ஒன்பது வருடத்தில் மாற்றிக்கொண்டதில்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை அவனுக்கு. அங்கே மேலாளர் ஒரு வார்த்தை சொன்னால் மறுவார்த்தை பேசமாட்டான். வீட்டில் என்ன குழம்பு என்பதில் அவனுக்கு அபிப்பிராயமே கிடையாது. ஆனால் மைக்கேல் ஜோர்டன் பெரியவரா, லெப்ரான் ஜேம்ஸ் பெரியவரா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கேட்டவர் எழுந்து போக ஒரு மணி நேரம் ஆகும்.

அவன் கொள்கைக்கு அவனே வைத்த பெயர் ‘ஒரே சட்டை’. ஒரு குழுவில் சேர்ந்தவன் கடைசிவரை அந்தக் குழுவின் சட்டையைத்தான் போட வேண்டும். சான் அன்டோனியோவில் பத்தொன்பது பருவம் ஆடிய டிம் டங்கன், டல்லஸில் இருபத்தொரு பருவம் ஆடிய நோவிட்ஸ்கி, லேக்கர்ஸை விட்டு அசையாத கோபி பிரயன்ட், இவர்களெல்லாம் மனிதர்கள். மற்றவர்கள் சம்பளக்காரர்கள். இதில் ஜோர்டன் மட்டும் ஒரு சங்கடம். சிகாகோவுக்கு ஆறு கோப்பை வாங்கிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனுஷன், பேசாமல் வீட்டில் இருக்காமல் திரும்பி வந்து வாஷிங்டனுக்கு இரண்டு பருவம் ஆடித் தொலைத்தார். அந்த இரண்டு பருவமும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு வினோதன் நிம்மதியாக இருந்தான்.

அவனால் மன்னிக்க முடியாத ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டாயிரத்துப் பதினாறில் ஓக்லஹோமா குழு, கோல்டன் ஸ்டேட்டை மூன்றுக்கு ஒன்று என்று முந்தியிருந்து, பிறகு அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்று வெளியேறியது. சில வாரங்களில் அந்தக் குழுவின் நட்சத்திரம் கெவின் டுரான்ட், தன்னைத் தோற்கடித்த அதே கோல்டன் ஸ்டேட்டில் போய்ச் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து வினோதன் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. ‘அந்த ஆள்’ என்பான்.

இவ்வளவையும் எதிரில் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பாட்டுப் பாடுகிறவன் ஹைருல். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். டத்தோ கிராமாட்டில் ஹைருலின் தாய்மாமா சீனி முகம்மதுவுக்கு சோறும் பலவகைக் குழம்பும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடை இருக்கிறது. சமையலும் கடையும் ஹைருலின் பொறுப்பு. அமெரிக்காவில் இரவில் நடக்கிற ஆட்டம் பினாங்கில் காலைச் சோற்று நேரத்தில் வரும். கோழிக்குழம்பைக் கிண்டிக்கொண்டே கடைத் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவன் ஹைருல். அவனுக்கு லெப்ரான்தான் உலகம்.

இரண்டாயிரத்துப் பத்தில் லெப்ரான் சொந்த ஊர்ப்பக்கத்துக் குழுவான க்ளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போனபோது, அங்கே ரசிகர்கள் சிலர் அவர் சட்டையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். வினோதன் எரித்தவர்களின் கட்சி. ஹைருல், “கிறுக்கனுங்க. ஒரு மனுஷன் வேற ஊருக்கு வேலைக்குப் போறான். அதுக்குப் போயி சட்டைய எரிப்பானுங்களா?” என்பான். இந்த ஒரு வாக்கியத்தை அவன் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருப்பான்.

இந்தச் சண்டையை வீணாக்குவானேன் என்று ஒன்பது வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒலிபரப்பு ஒன்று தொடங்கினார்கள். பெயர் ‘காலை ஆட்டம்’. சனிக்கிழமை தோறும் கடை மாடியிலுள்ள அரிசிக் கிடங்கில் கைப்பேசியை நடுவில் வைத்துப் பேசிப் பதிவு செய்வார்கள். அரிசி மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும், குரல் நன்றாக விழும். கேட்கிறவர்கள் நானூறு பேர் இருப்பார்கள். அதில் பாதிப் பேர் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள் என்று சீனி முகம்மது சொல்வார். அவருக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. அடியில்லாத கூடையில் பந்தைப் போடுவது என்ன பிழைப்பு என்று கேட்பார். கரீம் அப்துல் ஜப்பாரை மட்டும் ஒப்புக்கொள்வார், பெயருக்காக.

ஒலிபரப்புக்கு ஒரு சட்டம் உண்டு. யார் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறாரோ அவர் பத்து அகப்பை போட வேண்டும். கூடைப்பந்தில் கோட்டுக்குப் பின்னால் நின்று தடையில்லாமல் எறிகிற தனி எறிதல் என்றால் எல்லாரும் தலைக்கு மேலே பந்தைத் தூக்கித்தான் எறிவார்கள். ரிக் பேரி என்ற பழைய ஆட்டக்காரர் மட்டும் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முட்டிக்கு நடுவிலிருந்து மேலே கோரி வீசுவார். பத்துக்கு ஒன்பது விழும், ஆனாலும் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்டாவிலிருந்து குழம்பு கோருவது போல இருந்ததால் ஹைருல் அதற்கு அகப்பை என்று பெயர் வைத்தான். தோற்றவன் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னாலுள்ள திடலில், நாலு பேர் பார்க்க, பத்து அகப்பை விழுகிறவரை எறிய வேண்டும்.

ஹைருல் மூன்று முறை எறிந்திருக்கிறான். வினோதன்தான் நடுவர், இரக்கமே இல்லாத நடுவர். கட்டைவிரல் கோட்டைத் தொட்டால்கூட, “கோட்ட மிதிச்சிட்டே, கணக்குல வராது,” என்று பந்தைத் திருப்பி எறிவான். அவன் முறை மட்டும் ஒருநாளும் வரவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு இப்போது ஒரு சிக்கல். அவன் மனைவி ராகினி ஆசிரியை. ஜொகூரில் வேலை கிடைத்துப் போய் நான்கு வருடமாகிறது. பினாங்குக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது விண்ணப்பத்துக்காக வினோதன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறி வேண்டிக்கொண்டு வந்தான். அதுவும் கிடைக்கவில்லை. மகள் பிரஷாந்திக்கு நாலு வயது. அவளுக்கு அப்பா என்றால் கைப்பேசியில் வருகிறவர். ஒருநாள் அவள், “அப்பாவுக்குச் சார்ஜ் போடுங்க,” என்று சொன்னதை ராகினி சிரித்துக்கொண்டே சொன்னாள். வினோதனும் சிரித்தான். கைப்பேசியை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாளே அவன் ஜொகூரில் வேலை தேட ஆரம்பித்தான். மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கிடைத்தது. ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகியும் ஹைருலிடம் அவன் வாயே திறக்கவில்லை.

காரணம் வெட்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டல், ஹைருலைச் சமையற்கூடத்துக்குத் துணைத் தலைவனாகக் கூப்பிட்டது. நல்ல சம்பளம், நல்ல பெயர். ஹைருல் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை வினோதன் ஒன்றரை மணி நேரம் ஒரே சட்டைக் கொள்கையைப் பற்றிப் பேசினான். டங்கனைப் பற்றி, நோவிட்ஸ்கியைப் பற்றி, கடைசியில், “விட்டுட்டுப் போறவன் அந்த ஆளுதான். அது நம்ம கூட்டாளியா இருந்தாலும் சரி,” என்று முடித்தான். ஹைருல் போகவில்லை. மாமாவுக்கு முட்டிவலி, அதனால்தான் என்று எல்லாரிடமும் சொன்னான். சீனி முகம்மது அன்றும் இன்றும் மாடிப்படியைத் தடதடவென்று ஏறி இறங்குகிறவர்.

வெள்ளிக்கிழமை மாலை ராகினி கைப்பேசியில் கேட்டாள். “ஹைருல் அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“போன வாரமும் இதேதான் சொன்னீங்க. பந்து பத்திப் பேசறப்போ மட்டும் அந்த வாய மூடவே முடியாது. இதுக்கு மட்டும் பூட்டு.”

“நாளைக்குக் கண்டிப்பா.”

“வேற யாராச்சும் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாதுங்க. அது ரொம்பப் பாவம்.”

சனிக்கிழமை பத்து மணிக்கு வினோதன் கடைக்குள் நுழைந்தபோது கல்லாவிலிருந்து சீனி முகம்மது நிமிர்ந்து பார்த்தார். “என்னா தம்பி, முகம் ஒரு மாதிரியா இருக்கு. ஒங்க டீமு தோத்துடுச்சா?”

“இன்னைக்கு அவங்களுக்கு ஆட்டமே இல்ல மாமா.”

“அப்பறம் என்னா? மேல போ, அவன் காத்துக்கிட்டு இருக்கான். பன்னெண்டு மணிக்குள்ள இறக்கி விட்டுடு, கூட்டம் வந்துடும்.”

மாடியில் ஹைருல் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். விசிறி ஓடினால் பதிவில் இரைச்சல் விழும். வினோதன் எதிர் மூட்டையில் உட்கார்ந்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். ஹைருல் கைப்பேசியைத் தட்டிவிட்டான், பதிவு ஓட ஆரம்பித்தது.

“வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், இது காலை ஆட்டம். பாகான் டாலாமிலேருந்து தனுஜா ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க. நல்ல கேள்வி லா. கடைசிவரைக்கும் ஒரே குழுவுல ஆடுனவங்க அஞ்சு பேரு ஒரு பக்கம். குழு மாறுனவங்க அஞ்சு பேரு இன்னொரு பக்கம். மோதுனா யாரு ஜெயிப்பா? வினோ, நீ ஆரம்பி.”

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு வினோதன் தனுஜாவுக்குக் கோயிலே கட்டியிருப்பான். இன்று அவன் குரல் தானாகத்தான் ஓடியது. “இதுல போட்டியே கெடையாது. மேஜிக் ஜான்சன் பந்தக் கொண்டு வருவாரு. கோபி, லாரி பேர்ட், டங்கன். நடுவுல பில் ரஸ்ஸல். ரஸ்ஸல் ஒருத்தர்கிட்டயே பதினோரு கோப்பை இருக்கு. கர்ரியும் நோவிட்ஸ்கியும் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. எடமில்ல.”

“சரி. என் ஆளுங்களக் கேட்டுக்க. க்ரிஸ் பால் பந்தக் கொண்டு வர்றாரு. லெப்ரான், மூணு தடவ மாறுனாரு, நாலு கோப்பை வாங்குனாரு. நடுவுல கரீம் அப்துல் ஜப்பார். மில்வாக்கிய விட்டுட்டு லேக்கர்ஸுக்குப் போனவரு, எங்க மாமாவோட ஒரே ஆளு. அப்பறம் ஜோர்டன்.”

“ஜோர்டன் எப்படிடா ஒன் டீமுல வருவாரு?”

“வாஷிங்டன்.”

வினோதன் மூட்டையின் நூலைப் பிடித்து இழுத்தான்.

“ரெண்டு சீசன் ஆடியிருக்காரு. அங்கயும் இருபத்திமூணு நம்பர் சட்டைதான். வேணும்னா வீடியோ அனுப்புறேன்.”

இந்த இடத்தில் வினோதன் வழக்கமாக, “அது நடக்கல,” என்பான். நேயர்கள் காத்திருக்கிற இடம் இது. சிலர் வீட்டில் கூடவே சொல்வார்களாம். ஹைருல் கையை நீட்டி, சொல்லு என்பதுபோலக் காட்டினான்.

“சரி, வச்சுக்க,” என்றான் வினோதன்.

ஹைருல் நெற்றியைச் சுருக்கினான். ஆனாலும் விடவில்லை. “ஆஹா, ஜோர்டனக் குடுத்துட்டாருங்க. அப்ப அஞ்சாவது ஆளு. பேரச் சொல்லமாட்டேன். சொன்னா இங்க ஒருத்தருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடும். ஓக்லஹோமாவுலேருந்து கெளம்பிப் போனாரே, அந்த ஆளு.”

கீழே யாரோ கோழியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தி பலகையில் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. வினோதன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகத் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது இப்போது வேறு வழியில் வெளியே வந்தது.

“டுரான்ட்,” என்றான்.

ஹைருல் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது.

“டுரான்ட் போனது தப்பில்ல. அந்த எடம் அவருக்கு வேணும்னு பட்டுச்சு, போனாரு. அவரோட வாழ்க்க அது. நான்தான் ஒன்பது வருஷமா என் வீட்டு ஆளே ஓடிப்போன மாதிரி பேசிக்கிட்டு இருந்தேன்.”

ஹைருல் துள்ளிக் குதிப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒன்பது வருட வாதத்தில் முழு வெற்றி. அவன் துள்ளவில்லை. ராகினியின் மாற்றல் விண்ணப்பத்துக்கு இதற்குள் முடிவு வந்திருக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்தான். நல்ல சேதி என்றால் வினோதனே ஓடிவந்து சொல்லியிருப்பான்.

“ராகினிக்கு மாற்றல் கெடைக்கல,” என்றான் ஹைருல். அது கேள்வியாக வரவில்லை.

“கெடைக்கல.”

“அப்ப நீ போற.”

“ஜனவரி ரெண்டாந்தேதி.”

ஹைருல் குனிந்து கைப்பேசிக்கு அருகில் வாயைக் கொண்டுபோனான். “நேயர்களே, இன்னைக்கு இவ்வளவுதான். வினோதன் பத்து அகப்பை போடப் போறாரு. தனுஜா, ஒங்க கேள்விக்கு விடை அடுத்த வாரம்.” பதிவை நிறுத்தினான். பிறகு எழுந்துபோய் விசிறியைப் போட்டான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான். “எத்தன நாளாத் தெரியும்?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா என் எதிர்ல உக்காந்து செல்டிக்ஸ் டிஃபென்ஸப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்க.”

“சொல்ல வாய் வரலடா. கேஎல் வேலைக்கு நீ கெளம்புனப்போ நான் பேசுன பேச்சு அப்படி. எந்த முகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது? நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒனக்கு வந்த நல்ல வேலையக் கெடுத்துட்டேன்.”

ஹைருல் திரும்பினான். கோபம் இருக்கும் என்று வினோதன் எதிர்பார்த்தான், அதற்குத் தயாராகவும் இருந்தான். ஹைருல் சலிப்போடு தலையை ஆட்டினான்.

“ஒன் கொள்கைக்காக எவனாச்சும் நிப்பானாடா? டங்கனே நிக்கமாட்டாரு. நான் சனிக்கெழமைக்காக நின்னேன்.”

வினோதன் ஆறு வருடமாகத் தன் நாக்கின் சாமர்த்தியம்தான் ஹைருலை நிறுத்தியது என்று ஒரு பக்கம் வருத்தமும் மறுபக்கம் கொஞ்சம் பெருமையுமாக இருந்தான். இரண்டும் அந்த நிமிஷத்தில் போய்விட்டன. மிஞ்சியது அவனால் தூக்க முடியாததாக இருந்தது.

“வா,” என்றான் ஹைருல். “பத்து போடு. கூட்டம் வந்துடும்.”

கல்லாவைத் தாண்டும்போது ஹைருல் பந்தைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்து சீனி முகம்மது, “யாரு தோத்தது?” என்று கேட்டார்.

“வினோ,” என்றான் ஹைருல்.

“அல்லா,” என்று சொல்லிவிட்டு, அவர் எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அப்படியே வைத்துவிட்டு வினோதனைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் நடக்காதது நடக்கிறதென்றால் ஏதோ பெரிய விஷயம் என்று அவருக்கே பட்டது.

திடலில் வெயில் ஏறியிருந்தது. கூடை வளையத்தில் வலை கிழிந்து போய் இரண்டு வருடமாகிறது. ஓரத்துப் பெஞ்சில், நான்காம் மாடியில் குடியிருக்கும் பக்கிரிசாமி, நடைப்பயிற்சி முடித்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை.

வினோதன் கோட்டுக்குப் பின்னால் நின்றான். பந்தை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியை மடக்கி, கீழேயிருந்து கோரி எறிந்தான். பந்து பலகைக்கு மேலாகப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. ஹைருல் ஒரு வார்த்தை கேலி பேசாமல் போய் எடுத்து வந்தான். அடுத்தது வளையத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். ஒன்பது வருடம் அடுத்தவன் அகப்பையைக் கேலி செய்தவனுக்கு, அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் கை சொல்லிக்கொடுத்தது. இருபது முறை எறிந்து மூன்று விழுந்தது. பிறகு கை கொஞ்சம் பழகியது. ஹைருல் கூடைக்கு அடியில் நின்று எண்ணினான். நேர்மையாகவே எண்ணினான்.

“எட்டு.”

சட்டை முழுக்க வியர்வை. பக்கிரிசாமி இடையிடையே நாளிதழுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“ஒம்பது.”

பத்தாவது வளையத்தைச் சுற்றி ஒரு முறை உருண்டு, யோசித்து, உள்ளே விழுந்தது.

“பத்து,” என்றான் ஹைருல். பந்தைப் பிடித்துக்கொண்டான். அவன் கடைப்பக்கம் நடப்பான் என்று நினைத்து வினோதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். ஹைருல் அந்தப் பக்கம் போகவில்லை. நேராக வந்து, வினோதன் நின்ற இடத்தில், கோட்டுக்குப் பின்னால் நின்றான்.

“நீ எதுக்குடா?”

“நானும் ஒரு கருத்த மாத்திக்கிட்டேன்.”

“எத?”

ஹைருல் பந்தை இரண்டு முறை தரையில் தட்டினான். வினோதன் முகத்தைப் பார்க்காமல் வளையத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “க்ளீவ்லாண்டுல சட்டைய எரிச்சானுங்கல்ல. அவனுங்க கிறுக்கனுங்க இல்லடா.”

வினோதன் மெதுவாக நடந்து கூடைக்கு அடியில் போய் நின்றான்.

ஹைருல் முட்டியை மடக்கினான். அவன் கை தினமும் அண்டாவில் கோருகிற கை. முதல் எறியே சுத்தமாக விழுந்தது.

“ஒண்ணு,” என்றான் வினோதன்.

இரண்டாவதும் விழுந்தது. இந்த வேகத்தில் போனால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு கடை, கூட்டம், அடுத்த சனிக்கிழமை. அப்புறம் எண்ணிப் பார்த்தால் இன்னும் நாலைந்து சனிக்கிழமைதான்.

மூன்றாவது வளையத்தின் நடுவில் விழுந்தது.

“கோட்ட மிதிச்சிட்டே,” என்றான் வினோதன். “கணக்குல வராது.”

ஹைருல் குனிந்து பார்த்தான். அவன் செருப்பு கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. பெஞ்சிலிருந்த பக்கிரிசாமி நாளிதழை மடியில் இறக்கினார். “மிதிக்கலயே தம்பி. நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்.”

“மிதிச்சேன் லா அண்ணே,” என்று சொல்லிவிட்டு, ஹைருல் பந்துக்காகக் கையை நீட்டினான்.